கொலிஜிலிருந்து மாறும்போது: இன்னும் எத்தனை வருடம்?

ஒன்ராறியோவில் கொலிஜில் இரண்டு வருட டிப்ளோமா முடித்த பிள்ளை யூனிவசிற்றிக்கு மாறினால், நேரே மூன்றாம் வருடத்தில் போய் இருக்கும் என்றுதான் எங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டும் இரண்டும் நாலு. டிசைன், கம்யூனிகேஷன் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு அநேகமாகப் பிழைக்கும்.

என் பெறாமகளை வைத்தே சொல்கிறேன். அக்காவின் மூத்தவள், இருபது வயது. ரொறன்ரோவில் ஒரு கொலிஜில் கிராஃபிக் டிசைன் டிப்ளோமாவை ஏப்ரலில் முடித்தாள். மாறுவதா, எங்கே மாறுவது, என்ன படிக்க மாறுவது என்று ஐந்து மாதமாக எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் வேறு கதை இல்லை. "டிகிரி இல்லாமல் என்னெண்டு?" என்பது அக்காவின் பக்கம். "படிச்சது காணும், வேலைக்குப் போகட்டும்" என்பது அத்தானின் பக்கம். என் அம்மாவுக்கு இரண்டும் விளங்கவில்லை. "பிள்ளை கொம்பியூட்டரில படம் கீறுறாள். வடிவாத்தான் கீறுறாள். பிறகேன் இன்னும் படிக்கோணும்?" என்று கேட்டா.

பிள்ளை மட்டும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் காரில் கூட்டிக்கொண்டு வரும்போது சொன்னாள்: "சித்தி, எல்லாரும் நான் ரெண்டு வருசம் சும்மா இருந்த மாதிரித்தான் கதைக்கினம்." அதற்குப் பிறகுதான் நான் இதற்குள் இறங்கினேன்.

எங்கட வீடுகளில் "கொலிஜ்தானே" என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். எங்களில் கொஞ்சம் வயதானவர்கள் ஓஏசி படித்த ஆட்கள். அது 2003இல் நின்றுபோனது, ஆனால் அந்தக் காலத்து யோசனை இன்னும் நிற்கவில்லை: மார்க்ஸ் இருந்தால் யூனிவசிற்றி, இல்லாவிட்டால் கொலிஜ். இதற்கு அரசின் பங்கும் உண்டு. 1965இல் ஒன்ராறியோ கொலிஜ்களை உருவாக்கியபோது, அப்போது கல்வி அமைச்சராக இருந்த பில் டேவிஸ் அவற்றை யூனிவசிற்றிக்கு ஏறுகிற ஏணியாக அமைக்கவில்லை. வேலைக்கு ஆயத்தம் செய்கிற தனிப் பாதையாகவே போட்டார்கள். கலிபோர்னியாவில் 1960ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே, கொம்யூனிற்றி கொலிஜில் தொடங்கி யூனிவசிற்றியில் முடிக்கிற வழி அமைப்பின் ஒரு பகுதியாக இருந்தது. அதனால் அங்கே இருக்கிற மச்சான், மச்சாள் "எங்கட பிள்ளைக்கு ரெண்டு வருசமும் அப்பிடியே கழிஞ்சது" என்று சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். இங்கே அந்தக் கதை பொருந்தாது. இங்கே கொலிஜுக்கும் யூனிவசிற்றிக்கும் நடுவில் பாலம் கட்டுகிற வேலைக்கென்று ஒரு அமைப்பு வந்ததே 2011இல்தான். ஒன்ட்ரான்ஸ்ஃபர் என்ற இணையத்தளம் அவர்களுடையது. பிள்ளை படித்த கொலிஜ், படித்த துறை, போக நினைக்கிற யூனிவசிற்றி மூன்றையும் கொடுத்தால், இரண்டுக்கும் இடையில் ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா என்று காட்டும். முதலில் அங்கே போங்கோ. மாமாவின் சிநேகிதரிடம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெறாமகள் மூன்று இடத்துக்கு விண்ணப்பித்தாள், மூன்றும் கிடைத்தது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒரே கொலிஜில் ஒரே டிப்ளோமா எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கே கணக்கு வேறாக வரலாம். மார்க்ஸ் மாறும், போர்ட்ஃபோலியோ மாறும். அவளுடைய கணக்கை உங்கள் பிள்ளைக்குப் பொருத்திப் பார்த்து ஏமாறக் கூடாது.

முதல் இடம் டிசைன் டிகிரி. 6 கிரெடிட் தருவதாக எழுதியிருந்தார்கள். இரண்டாவது கம்யூனிகேஷன் டிகிரி. அங்கே 48. அக்கா உடனே போன் எடுத்தா. "நாற்பத்தெட்டைத் தாறவங்களை விட்டிட்டு ஆறைத் தாறவங்களிட்டப் போறதோ?"

இங்கேதான் பொறுமையாக இருந்து பார்க்க வேண்டும். நாலு வருடப் பட்டத்தை எல்லா யூனிவசிற்றியும் ஒரே அளவுகோலில் அளப்பதில்லை. யோர்க் மாதிரி இடங்களில் மொத்தம் 120. ரொறன்ரோ யூனிவசிற்றி, ஒட்டாவாவில் இருக்கிற கார்ல்ற்றன் மாதிரி இடங்களில் மொத்தம் 20. இருபதில் 6 என்றால் நூற்றிருபதில் 36. ஆக 6க்கும் 48க்கும் உள்ள தூரம் நாற்பத்திரண்டு இல்லை, பன்னிரண்டு. ஒரு தவணையில் முடிகிற பாடங்களாகப் பார்த்தால் நாலு பாடம்.

சரி, நாலு பாடமாவது மிச்சம்தானே என்று அக்கா கேட்டா. அதுவும் இல்லை. கிரெடிட் தந்தால் மட்டும் போதாது, அது எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்று பார்க்க வேண்டும். டிகிரியில் கட்டாயப் பாடங்களுக்கு ஒரு பெட்டி, விருப்பப் பாடங்களுக்கு ஒரு பெட்டி. அந்த 48இல் கட்டாயப் பெட்டிக்குள் விழுந்தது 9 மட்டும். மிச்சம் 39உம் விருப்பப் பாடம். அந்த டிகிரியிலோ விருப்பப் பாடத்துக்கு இடம் 30தான். 9 கிரெடிட் ரான்ஸ்கிரிப்டில் இருக்கும், ஆனால் ஒரு பாடத்தையும் குறைக்காது. பாவிக்கக்கூடியது 39. இன்னும் 81 எடுக்க வேண்டும், வருடத்துக்கு 30 என்றால் கிட்டத்தட்ட மூன்று வருடம்.

டிசைன் டிகிரிக்கு வாருங்கோ. அங்கே கிரெடிட்டைவிட ஸ்டூடியோதான் பெரிது. ரைப்போகிராஃபி ஒன்று முடிக்காமல் இரண்டு எடுக்க முடியாது, இரண்டு முடிக்காமல் மூன்று எடுக்க முடியாது. சில பாடங்கள் செப்டெம்பரில் மட்டும்தான் தொடங்கும். ஒரு படி தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிரெடிட் தருவீங்கள்?" என்பதல்ல. "என் பிள்ளையை எத்தனையாம் வருட ஸ்டூடியோவில் இருத்துவீங்கள்?" என்பதுதான். அவளுக்கு வந்த பதில் இரண்டாம் வருடம். ஆக அங்கேயும் மூன்று வருடம்.

ஆறும் நாற்பத்தெட்டும் ஒன்றாகிவிட்டது. அக்காவுக்கு இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது இடம் ஒரு கொலிஜின் சொந்த நாலு வருட டிகிரி. இது எங்கட காலத்தில் இல்லாத ஒன்று. 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் ஒன்ராறியோ கொலிஜ்கள் டிகிரி கொடுக்கத் தொடங்கின. ஷெரிடனில் அனிமேஷன் டிகிரி உலகத்துக்கே தெரியும். ஜோர்ஜ் பிரவுனில் பிராண்ட் டிசைனுக்கே ஒரு டிகிரி இருக்கிறது. அவளுக்குக் கிடைத்த இடத்தில், கோடையில் சில இணைப்புப் பாடங்களை எடுத்தால் செப்டெம்பரில் மூன்றாம் வருடம் தொடங்கலாம் என்றார்கள். இரண்டே வருடம். அத்தானுக்கு அந்த இடத்தில் முகம் மலர்ந்தது.

அத்தானைக் குறை சொல்ல மாட்டேன். யூனிவசிற்றியில் படிப்புக் கட்டணம் மட்டும் வருடம் பல ஆயிரம் டொலர். கொலிஜ் டிப்ளோமாவுக்கு அதில் பாதிகூட இல்லை. சின்னவனும் அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறான். இன்னொன்றும் உண்டு: டிசைன் வேலையில் முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவைத்தான். டிகிரி இல்லாவிட்டால் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போக ஏலாது என்று அக்கா சொன்னதும் முழுக்கச் சரியில்லை. கனடியக் குடியுரிமை உள்ளவர்கள் போகிற ரிஎன் விதியில் கிராஃபிக் டிசைனர் பட்டியலில் இருக்கிறது. டிகிரி இருக்க வேண்டும், அல்லது டிப்ளோமாவும் மூன்று வருட அனுபவமும் இருக்க வேண்டும். டிகிரி உண்மையில் தேவைப்படுவது மாஸ்டர்ஸ் செய்ய, படிப்பிக்கப் போக, சில அரசாங்க வேலைகளுக்கு, சில பெரிய நிறுவனங்களுக்கு. இவற்றில் எதுவும் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் வேலைக்குப் போவது நியாயமான தெரிவு. பிறகு ஐந்து வருடம் கழித்தும் படிக்கலாம்.

ஆனால் அவளுக்குப் படிக்க வேண்டும். அதைக் கேட்டு அறிவதற்கே எங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது. டிசைனா கம்யூனிகேஷனா என்பதில்தான் அவளுக்குக் குழப்பம். டிப்ளோமாவில் ஒரு விளம்பரப் பாடத்தில் படத்தைவிட அதற்குக் கீழே போகிற வசனம் எழுதுவது பிடித்துப்போனதாம்.

இந்த "கம்யூனிகேஷன்" என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே சொல்லுக்குள் மூன்று நாலு வேறு வேறு படிப்பு ஒளிந்திருக்கிறது. முன்பு ரயர்சன் என்றிருந்து 2022இல் பெயர் மாறிய ரொறன்ரோ மெற்றோபொலிற்றனில் கிராஃபிக் கம்யூனிகேஷன்ஸ் மனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. பெயரில் கிராஃபிக் இருக்கிறதே என்று படம் கீறுகிற பிள்ளையை அங்கே அனுப்பாதேங்கோ. அது அச்சுத் தொழிலும் பொதியிடல் தொழிலும் எப்படி நடக்கிறது, எப்படி நடத்துவது என்ற படிப்பு. மை, தாள், இயந்திரம், செலவு, விற்பனை. நல்ல படிப்பு, ஆனால் வேறு படிப்பு. அதே இடத்தில் புரொஃபெஷனல் கம்யூனிகேஷன் என்பது நிறுவனங்களுக்காக எழுதுவதும் பேசுவதும். யோர்க்கிலும் கார்ல்ற்றனிலும் இருக்கிற கம்யூனிகேஷன் அன்ட் மீடியா ஸ்ரடீஸ் வாசிப்பும் கட்டுரையும்: ஊடகம் யார் கையில், சட்டம் என்ன சொல்கிறது, பார்க்கிறவர் எப்படி விளங்கிக்கொள்கிறார். அங்கே ஒருவரும் இலஸ்ட்ரேற்றர் படிப்பிக்க மாட்டார்கள். கார்ல்ற்றனிலேயே மீடியா புரொடக்‌ஷன் அன்ட் டிசைன் என்று வேறொரு டிகிரி உண்டு. அது செய்து பழகுகிறது. வாட்டர்லூவின் ஸ்ராற்ஃபோர்ட் வளாகத்தில் வியாபாரத்தையும் டிஜிற்றல் கலையையும் சேர்த்து ஒரு டிகிரி இருக்கிறது. ஓகாட்டில் கிராஃபிக் டிசைன், விளம்பரம், இலஸ்ட்ரேஷன் எல்லாம் ஸ்டூடியோப் படிப்பு.

(ஓகாட் 1876இல் தொடங்கிய பள்ளிக்கூடம். மக்கோல் வீதியில், கலர் பென்சில்கள் மாதிரிக் கால்களில் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்த கட்டடம், 2004இல் கட்டியது, அது அவர்களுடையதுதான். அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனபோது, "உது இன்னும் கட்டி முடியேல்லையோ?" என்று கேட்டா.)

பெயரை விட்டுவிட்டு, மூன்றாம் நாலாம் வருடப் பாடப் பட்டியலைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கோ. முதல் வருடப் பாடங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். கடைசி வருடத்தில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். நீண்ட ஆய்வுக் கட்டுரையா, ஒரு வருடம் முழுக்க ஒரே புரொஜெக்ரா, ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சியா? நாங்கள் மூன்று இடத்துப் பட்டியலையும் அச்செடுத்து மேசையில் பரப்பினோம். கம்யூனிகேஷன் பட்டியலை அவள் இரண்டு நிமிடத்தில் தள்ளி வைத்தாள். வசனம் எழுதப் பிடிக்கும், வசனத்தைப் பற்றி எழுதப் பிடிக்காது என்றாள். மிச்சம் இரண்டு.

போர்ட்ஃபோலியோ பற்றியும் சொல்ல வேண்டும். டிசைன் ஸ்டூடியோவில் எந்த வருடத்தில் இருத்துவது என்பதில் மார்க்ஸ் அளவுக்கு இதுவும் பேசும். எங்கட பிள்ளைகள் முடிந்த வேலையை மட்டும் பளபளவென்று அடுக்கி அனுப்புவார்கள். பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்துக்கு எப்படி வந்தாய் என்பதும் தெரிய வேண்டும். முதல் கீறல், கைவிட்ட யோசனை, ஏன் கைவிட்டாய் என்று ஒரு வரி. குழுவாகச் செய்ததென்றால் அதில் உன் பங்கு எது என்று எழுதாமல் விடக் கூடாது.

இவள் சனி ஞாயிறுகளில் ஸ்காபரோவில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறாள். சாமத்திய வீட்டு பானர், கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ். தமிழ் அவளுக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும். பாமினி எழுத்துருவில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு ரைப் பண்ணுவாள். ஒரு கலியாணக் கார்ட்டில் இங்கிலிஷ் எழுத்தும் தமிழ் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வர, தமிழ் பெரிதாகவும் நெருக்கமாகவும் தெரிந்திருக்கிறது. "ணை", "ஞ்ஞ" மாதிரி அகலமான எழுத்துகள் வரியை உடைத்திருக்கின்றன. அதைச் சரிப்பண்ண ஆறு தரம் முயன்றிருக்கிறாள். அந்த ஆறையும் வரிசையாகப் போர்ட்ஃபோலியோவில் வைத்தாள். அத்தானுக்கு வெட்கம். "கலியாணக் கார்ட்டையோ யூனிவசிற்றிக்குக் காட்டுறது?" நேர்முகத்தில் அதிக நேரம் கேட்டது அதைப் பற்றித்தானாம்.

காசு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கிரெடிட் கழிந்தபடியால் சில தவணைகளில் எடுக்க வேண்டிய பாடம் குறைந்து போகும். ஓசாப்பில் முழுநேர மாணவர் என்று கணக்கெடுக்க, முழுப் பாடச் சுமையில் குறைந்தது 60 வீதம் எடுக்க வேண்டும். ஐந்து பாடம் முழுச் சுமை என்றால் மூன்று. நிரந்தர இயலாமை உள்ள பிள்ளைக்கு 40 வீதம். இரண்டு பாடத்தோடு ஒரு தவணை போனால் முழுநேர உதவி நின்றுவிடும், பகுதிநேர உதவி வேறு கணக்கு. அதனால் பாடங்களைத் தவணைக்குத் தவணை எப்படிப் பிரிப்பது என்று சேருவதற்கு முன்பே ஆலோசகரோடு இருந்து போட்டுப் பார்க்க வேண்டும். ஆர்இஎஸ்பி குழுத் திட்டமாக இருந்தால், படிக்கிற இடம் மாறும்போது என்ன விதி என்று ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கோ. விற்ற அண்ணை சொன்னது ஞாபகத்தில் இருக்கலாம், எழுதியிருப்பது வேறாக இருக்கலாம்.

இரண்டு வருட இடமா, மூன்று வருட இடமா என்று கடைசியில் அவளையே சொல்லச் சொன்னோம். டிசைன் டிகிரியின் இரண்டாம் வருடப் பட்டியலைக் காட்டி, "இதிலே பாதி நான் படிச்சதுதான். ஆனா அவசர அவசரமாப் படிச்சது. பதினாலு கிழமையில ரைப்போகிராஃபி முடிஞ்சு போச்சு. எனக்கு இதைத் திரும்பச் செய்யோணும்" என்றாள். அதாவது அந்த மேலதிக வருடத்தை அவள் இழப்பாகப் பார்க்கவில்லை. அத்தான் "அப்ப ஒரு வருசம் கூடத்தானே?" என்று கேட்டார். "ஓம் அப்பா, கூடத்தான்" என்றாள். அச்சக வேலையை விடமாட்டேன், கோடையில் முழுநேரமாகச் செய்வேன் என்றும் சொன்னாள். அத்தான் ஓம் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வைப்புப் பணத்தைக் கட்டியிருந்தார்.

என் எண்ணத்தில், மூன்று வருடம் என்று வந்ததற்காக எல்லாப் பிள்ளையும் அதைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. இவளுடைய சிநேகிதி ஒருத்தி இரண்டு வருட இடத்துக்குப் போகிறாள். அவளுக்கு அடுத்த வருடமே வேலை தேடுகிற யோசனை, அது அவளுக்குச் சரி. தூரத்தையும் கணக்கில் எடுங்கோ. 2023இல் ஸ்காபரோ ஆர்ரி நின்ற பிறகு, எங்கட பக்கத்துப் பிள்ளைகள் கென்னடிக்கு பஸ்ஸில்தான் போக வேண்டியிருக்கிறது. பெரிய மட்டைகளையும் லப்ரொப்பையும் தூக்கிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் போய், இரவு பத்து மணிக்கு ஸ்டூடியோ முடிந்து திரும்பி வருகிற படிப்பு இது.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே செய்யலாம். யூனிவசிற்றிகள் பல, இடம் கொடுத்த பிறகுதான் கிரெடிட்டை மதிப்பிடும். அப்போது ரான்ஸ்கிரிப்டோடு ஒவ்வொரு பாடத்தின் பாட விபரத்தையும் கேட்கலாம்: எத்தனை மணித்தியாலம், என்ன வாசித்தார்கள், என்ன செய்தார்கள், மார்க்ஸ் எப்படிப் பிரிந்தது. "ரைப்போகிராஃபி 2" என்ற பெயரை வைத்து மட்டும் ஒருவரும் கிரெடிட் தர மாட்டார்கள். அந்த விபரங்கள் அநேகமாகக் கொலிஜின் இணையத்தளத்துக்குள், பிள்ளையின் கணக்கில்தான் இருக்கும். படிப்பு முடிந்து அந்தக் கணக்கு மூடுப்பட்டுவிட்டால், ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டு, கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளை இப்போது கொலிஜில் இருந்தால், மாறுகிற யோசனை இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, முதல் தவணையிலிருந்து எல்லாப் பாட விபரத்தையும் இறக்கி, வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, உங்கள் கொம்பியூட்டரிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கோ.